அக்காவின் சூரணம் கடைக்குப் போன வழி

சித்த மருத்துவர் ஒருவர் தாமே சூரணம் செய்து, தம்மிடம் வரும் நோயாளிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் சட்டம் குறுக்கே வராது. அதே சூரணத்தை டப்பாவில் அடைத்து அடுத்த தெருக் கடையில் விற்பனைக்கு வைத்தால், உரிமம் இல்லாமல் மருந்து தயாரித்த குற்றம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் ஆங்கில மருந்துக்கு மட்டுமானது என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கென்றே அதில் தனி அத்தியாயம் இருக்கிறது.

என் அக்கா பாளையங்கோட்டையில் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துவிட்டுத் தென்காசிப் பக்கம் மருத்துவம் பார்க்கிறார். அவர் செய்யும் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணத்தைக் கேட்டு வெளியூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியபோது, முறைப்படி உரிமம் வாங்கிக் கடைகளுக்கும் கொடுக்கலாம் என்ற பேச்சை எடுத்தவன் நான். "நீ அலைவதாக இருந்தால் செய், மருந்தில் மட்டும் கை வைக்காதே" என்று அக்கா ஒப்புக்கொண்டார். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் காதில் விழுந்தவை எல்லாம் குறுக்கு வழிகள். உணவுப் பொருள் என்று பதிவு செய்துகொண்டால் காரியம் சீக்கிரம் முடியும் என்றார் ஓர் ஆலோசகர். அப்படி எத்தனையோ பொடிகள் சந்தையில் ஓடுகின்றன. அக்கா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அடுத்தது லோன் லைசென்ஸ். உரிமம் பெற்ற வேறொருவர் தொழிற்கூடத்தில் நம் பெயரில் தயாரித்துக்கொள்ளலாம். 24-இ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முழுக்கச் சட்டபூர்வமான வழி, முதலீடும் குறைவு. பணம் இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் சரக்கு வாங்குவதும் அரைப்பதும் நம் கண்ணுக்கு அப்பால் நடக்கும். எங்களுக்கு அது சரிப்படவில்லை. ஆகவே 24-டி படிவத்தில் விண்ணப்பம், 25-டி படிவத்தில் சொந்த உரிமம் என்று முடிவானது. 2021இல் விதிகளைத் திருத்திய பிறகு விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். தமிழ்நாட்டில் உரிமம் வழங்கும் அதிகாரியின் அலுவலகம் சென்னை அரும்பாக்கத்தில், இந்திய மருத்துவ வளாகத்தில் இருக்கிறது.

இடத்துக்கான விதிகள் 'ஷெட்யூல் டி' (Schedule T) என்ற அட்டவணையில் இருக்கின்றன. குறைந்தது 1,200 சதுர அடி மூடிய பரப்பு, அதில் சூரணப் பிரிவுக்கு 200, தரக்கட்டுப்பாட்டுக்கு 150. மூலப்பொருள், தயாரான மருந்து, நிராகரித்த சரக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம். நாங்கள் ஒரு பழைய மாவு மில்லை வாடகைக்குப் பிடித்தோம். தரை, கூரை, மின்சாரம் எல்லாம் தயாராக இருந்தன. மிளகாய் நெடிதான் சுவரை விட்டுப் போக மறுத்தது. சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, கழுவினால் பளிச்சென்று ஆகும் வண்ணம் பூசிய பிறகுதான் தும்மாமல் உள்ளே நிற்க முடிந்தது. வரைபடம், வாடகை ஒப்பந்தம், உள்ளாட்சி அனுமதி, இயந்திரப் பட்டியல் போன்ற காகிதங்கள் எந்தத் தொழிலுக்கும் உள்ளவைதான். அவற்றில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆட்கள் விஷயம் அப்படி இல்லை. தரக்கட்டுப்பாட்டுக்குச் சித்த மருத்துவம் படித்த ஒருவர், வேதியியல் அல்லது மருந்தியல் பட்டதாரி ஒருவர், மூலிகைகளை அடையாளம் காணத் தெரிந்த தாவரவியலாளர் ஒருவர் என மூவர் வேண்டும். பகுதிநேரமாகவும் இருக்கலாம். அக்கா முதலாமவர். இரண்டாமவர் கிடைப்பது எளிது. மூன்றாமவரைக் கையெழுத்துக்காக மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று பலரும் யோசனை சொன்னார்கள். எங்களுக்கு வாய்த்தவர் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். பையிலிருந்து கைலென்ஸை எடுக்காமல் அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அவர் மட்டும் கையெழுத்துக்கார ஆளாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

அமுக்கரா சூரணத்தின் செய்முறை கணக்குப் பிள்ளைக்குப் பிடித்த மாதிரி இருக்கும். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கராக் கிழங்கு 64. எல்லாம் சேர்ந்த எடைக்குச் சமமாகச் சர்க்கரை. அரசு வெளியிட்ட சித்தா ஃபார்முலரி என்ற செய்முறைத் தொகுப்பில் இருப்பதால், நூலில் உள்ளபடி செய்கிறோம் என்று காட்டினால் போதும். சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயருள்ள நூல்களுக்குத்தான் இந்தச் சலுகை. தாத்தாவின் கையெழுத்து நோட்டில் இருக்கும் முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தனியுரிமை மருந்து என்ற வேறு வரிசைக்குப் போய்விடும். அதற்குக் கூடுதல் ஆதாரங்கள் கேட்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்காகச் சர்க்கரையை விட்டுவிட்டுச் செய்யலாமே என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். விட்டுவிட்டால் அது நூலில் உள்ள மருந்து அல்ல. அக்கா தம் நோயாளிக்கு எப்படியும் செய்து தரலாம். டப்பாவுக்குள் அந்தச் சுதந்திரம் இல்லை.

சரக்கு வாங்க விருதுநகர் போனேன். தெற்கு மாவட்டங்களின் நாட்டு மருந்துக் கடைகள் பலவற்றுக்குச் சரக்கு அங்கிருந்துதான் போகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு எல்லாம் பேராசிரியரின் லென்ஸைத் தாண்டிவிட்டன. அமுக்கராவில் கிழங்குதானா, தண்டும் இலையும் கலந்திருக்கிறதா என்று நெடுநேரம் கிளறினார். இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அறிவுறுத்தியிருக்கிறது. அதுவும் தேறியது. சிறுநாகப்பூவில் வண்டி நின்றுவிட்டது.

கடைக்காரர் கொடுத்தது கருத்த, உருண்ட, காம்புள்ள சின்னஞ்சிறு காய் போன்ற பொருள். பார்வைக்குக் கிராம்பின் தம்பி. பேராசிரியர் ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கி என் மூக்கருகே நீட்டினார். பட்டை வாசனை. "இது இலவங்கப்பட்டை இனத்து மரத்தின் பிஞ்சுக்காய். ஃபார்முலரி கேட்பது நாகமரத்துப் பூ, மெசுவா ஃபெர்ரியா" என்றார். பிறகு தம் சேகரிப்பிலிருந்து ஒரு காகித உறையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில், நூல் நூலாகக் கேசரங்கள். விரலில் ஒட்டிக்கொண்ட துகளில் மெல்லிய பூ மணம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடக் குழம்பாது. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இடம் சந்தையில் எங்கும் இல்லை.

கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். "தம்பி, என் அப்பா காலத்திலிருந்து இதுதான் சிறுநாகப்பூ. இதுவரை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை" என்றார் அண்ணாச்சி. அவர் பொய் சொல்லவில்லை. ஆங்கில மருந்து விற்கும் கடைக்கு விற்பனை உரிமம் வேண்டும், பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். சித்த மருந்தையோ நாட்டுச் சரக்கையோ விற்க அப்படி ஓர் உரிமம் சட்டத்தில் கிடையாது. இது இன்னதுதானா என்ற கேள்வியை முதன்முதலில் சந்திப்பவர் தயாரிப்பாளர்தான், அதுவும் உரிமம் கேட்டு வந்தால். காட்டில் பறித்தவர், வாங்கிச் சேர்த்தவர், மூட்டை கட்டி அனுப்பியவர், சில்லறையில் விற்பவர் என யாரையும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. மூலிகைச் சந்தையின் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். கடைசியில் நாகப்பூ வேறொரு வியாபாரி மூலம், பல மடங்கு விலையில், வடகிழக்கிலிருந்து வந்தது. நல்லவேளை, செய்முறையில் அதன் பங்கு மிகச் சிறியது.

அடுத்த இழுபறி ஆய்வகத்தில். அமுக்கராவைச் சுத்தி செய்ய ஒரு பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, பொடியை அதன்மேல் பரப்பி ஆவியில் வேக வைப்பார்கள். பிட்டவியல் என்று பெயர். பிறகு உலர்த்தி, மீண்டும் இடித்து, வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது துணியில் சலிக்க வேண்டும். அக்கா வீட்டு மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் இது அழகாக நடக்கும். நாங்கள் சோதனைத் தொகுதி (பேட்ச்) செய்தது ஐப்பசி மழையில். ஆய்வறிக்கையில் கன உலோகங்கள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன: ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை மேல்வரம்புகள். அமிலத்தில் கரையாத சாம்பலும் குறைவு. மண் இல்லை என்று அதற்குப் பொருள். பூஞ்சை எண்ணிக்கைதான் கிராமுக்கு 1,000 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. பால் ஆவி ஏறிய பொடி உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. அதன் தலையில் ஈரத்தை இழுக்கும் சர்க்கரை வேறு. தட்டு அடுக்கிய உலர்த்தி ஒன்று வாங்கினோம். பட்ஜெட்டில் இல்லாத செலவு. அக்காவுக்கு வெயில்தான் சரி என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. அறிக்கை மாறியது.

ஆய்வுக்கு வந்த மருந்து ஆய்வாளர் அரைவை இயந்திரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சல்லடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தார். தொகுதிப் பதிவேட்டைப் புரட்டி, உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் போட்ட எடைகளைக் கழித்துப் பார்த்தார். நிராகரித்த சரக்கு அறையில் சிவப்புச் சீட்டு ஒட்டிய சாக்கு ஒன்று இருந்தது, அந்தப் பிஞ்சுக்காய்தான். கதையைக் கேட்டுவிட்டு, "இந்த அறை பல இடங்களில் துடைப்பம் வைக்கத்தான் பயன்படும்" என்றார். குறைகள் என்று எழுதியவை சில: கை கழுவும் இடம், ஜன்னல் வலை, எடைக்கல் முத்திரை. சரிசெய்து படம் எடுத்து அனுப்பினோம். உரிமம் வந்தது, நல்ல உற்பத்தி நடைமுறைச் சான்றிதழும் வந்தது. முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அது நிரந்தரம், ஆண்டுதோறும் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும்.

லேபிளைச் சிவகாசியில் அச்சடித்தோம். ஒவ்வொரு சரக்கின் தாவரவியல் பெயர், பயன்படுத்திய பகுதி, அளவு, உரிம எண், தொகுதி எண், தேதிகள், சித்த மருந்து என்ற குறிப்பு என எல்லாம் விதி 161இன்படி இடம்பெற வேண்டும். சிறிய டப்பாவில் இத்தனையும் அடைப்பது தனிக் கலை. பெயர் வைப்பதிலும் கணக்கு இருந்தது. நூலில் உள்ள பெயரிலேயே, பிராண்டு இல்லாமல் விற்றால் அப்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பிராண்டுப் பெயர் போட்டால் 12. வெறும் அமுக்கரா சூரணம் என்றே விட்டுவிட்டோம். 2025 செப்டம்பரில் வரியை 5 சதவீதமாகக் குறைத்ததோடு அந்த வித்தியாசம் போய்விட்டது.

விற்பனைதான் எனக்குப் புது உலகம். அரசு உச்சவரம்பு விலை வைக்கும் ஆங்கில மருந்துகளில் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீத லாபம் கணக்கில் சேர்க்கப்படுகிறது. சித்த மருந்துக்கு விலைக் கட்டுப்பாட்டு ஆணையே பொருந்தாது. ஒரு மெடிக்கல் ஸ்டோர்காரர் 40 சதவீதம் கேட்டார். கூடவே, "ஆண்மைக்கு என்று பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள், நான் தள்ளிவிடுகிறேன்" என்றார். 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டம் அதைத் தடுக்கிறது, நீரிழிவு உட்பட 54 நோய்நிலைகள் அதன் பட்டியலில் இருக்கின்றன என்று சொன்னேன். பக்கத்து அலமாரியைக் கையால் காட்டிச் சிரித்தார். அங்கே இருந்த டப்பாக்களில் பாதி அந்தப் பட்டியலை வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தன. ஸ்டிக்கர் ஒட்டவில்லை, அந்தக் கடையும் எங்கள் சூரணத்தை எடுக்கவில்லை. நாட்டு மருந்துக் கடைகளும் அக்காவுடன் படித்த மருத்துவர்களும் எடுக்கிறார்கள். உலர்த்தியின் கடன் இன்னும் அடைபடவில்லை.

இப்போது கபசுரக் குடிநீரைச் சேர்க்க விண்ணப்பம் தயாராகிறது. அதில் 15 சரக்குகள். பேராசிரியர் சிறுகாஞ்சொறி வேரில் உட்கார்ந்திருக்கிறார். வந்த மாதிரிகளில் எதையும் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.