பாக்கெட்டை நடுவழியில் மடக்க

நெட்வொர்க்கில் கோணல்மாணலான பாக்கெட் (தரவுத் துண்டு) வந்தால் நம் சர்வர் என்ன செய்யும் என்று பார்க்க லினக்ஸில் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதன் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் என்எஃப்க்யூ (NFQUEUE) என்று ஒன்று இருக்கிறது. நாம் எழுதும் விதிக்குப் பொருந்தும் பாக்கெட்டை, லினக்ஸின் மையமான கர்னல் நிறுத்திவைத்து நம் பைத்தான் நிரலிடம் கொடுக்கும். விடுவதா, தூக்கிப் போடுவதா, மாற்றி அனுப்புவதா என்று நாம் சொல்ல வேண்டும்.

விதி மட்டும் இருந்து நிரல் ஓடவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டுகள் எல்லாம் காலி. தொலைவில் இருக்கும் மெஷினில், நீங்கள் உள்ளே நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சும் அதில் சிக்கினால் நீங்களே வெளியே நிற்பீர்கள்! விதியில் போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு, நிரல் ஓடாதபோது பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் விடும் க்யூ-பைபாஸையும் (--queue-bypass) சேர்த்துவிடுங்கள்.

பாக்கெட்டை மாற்றிய பிறகு, அது கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் பொருந்தாது. பாக்கெட்டுகளைக் கையாளும் பைத்தான் நூலகமான ஸ்கேப்பியில் பழைய செக்சமை அழித்துவிட்டால் அதுவே புதிதாகப் போட்டுக்கொள்ளும். ஆனால் பைட்டுகளுக்கு வரிசை எண் போட்டு அனுப்பும் டிசிபியில் ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் வரிசை எண்கள் குழம்பி இணைப்பு தொங்கிவிடும். அதே நீளத்தில் மாற்றுவதுதான் நிம்மதி. வரிசை எண் இல்லாத யூடிபியில் நீளப் புலங்களையும் திருத்தினால் போதும், பெரும்பாலும் அதில் வரும் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) பதிலை மாற்றிப் பார்ப்பது இதனால்தான் சுலபம்.

சும்மா தாமதமும் இழப்பும் மட்டும் வேண்டுமா? அப்படியென்றால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு, லினக்ஸிலேயே இருக்கும் டிசி நெட்எம் (tc netem) ஒரே வரியில் முடித்துவிடும்.