சூடு விழுந்த பின்: நோர்வேக் காட்டில் கற்ற வேலை

நோர்வேயின் பெரும்பாலான பகுதிகளில், மான் இனத்தின் மிகப் பெரிய விலங்கான எல்க்கின் வேட்டை செப்ரெம்பர் 25இல் தொடங்கி டிசெம்பர் 23இல் முடிகிறது. அந்த மாதங்களில் கிராமம் முழுவதும் காட்டைப் பற்றியே பேசுவது, புதிதாகக் குடியேறிய ஒருவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். வேட்டையுரிமை நிலவுடைமையாளருக்கு உரியது. எத்தனை விலங்குகளைச் சுடலாம் என்பதும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். 1986 முதல், புதிதாக வேட்டைக்கு வருபவர் அதற்கான தேர்வில் சித்தியடைய வேண்டும். பெருவிலங்கு வேட்டைக்காரர் ஆண்டுதோறும் 100 மீற்றர் தூரத்திலிருந்து 5 குண்டுகளையும் குறிவட்டத்துக்குள் செலுத்திக் காட்ட வேண்டும். இவற்றுக்கெல்லாம் வகுப்புகள் உண்டு. விலங்கு விழுந்த பின் செய்யவேண்டிய வேலையோ கைபட்டுத்தான் வரும். அயலவர்களின் வேட்டைக்குழு என்னைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டதும் அந்த வேலையின் வழியாகவே. துப்பாக்கி உரிமம் எடுப்பதற்கு முன்பே காலைப் பிடிக்கவும் கயிறு இழுக்கவும் என்னை அழைத்தார்கள்.

இறைச்சியைக் கெடுப்பது முதலில் உடலின் சூடுதான். நன்கு வளர்ந்த ஆண் எல்க் 400 கிலோவுக்கு மேல் நிறை கொண்டது. அடர்ந்த உரோமத்தோல் சூட்டை வெளியே விடாது. உயிர் போன பின்னும் இரைப்பையில் நொதித்தல் தொடர்வதால் வயிறு ஊதிக்கொண்டே போகும். தரையில் உறைபனி கிடந்தாலும் தொடையெலும்பை ஒட்டிய சதை நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் எங்கள் குழுவில், விலங்கு இறந்ததை உறுதிப்படுத்திய கையோடு, எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள், குடலை வெளியே எடுத்துவிடுவார்கள்.

எனக்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கு வந்து குழுவில் சேர்ந்திருந்த தமிழ் அண்ணர் ஒருவர்தான் என் கையில் முதலில் கத்தியைத் தந்தார். விலங்கை மல்லாத்திக் கால்களை இருவர் விரித்துப் பிடிக்க, கழுத்தில் உணவுக்குழாயை மூச்சுக்குழாயிலிருந்து பிரித்து இறுக்கிக் கட்டினோம். பின்னர் நெஞ்செலும்பு முடியும் இடத்தில் சிறிய வெட்டொன்று இட்டு, இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலையும் சதைச்சுவரையும் தூக்கிப் பிடித்து, அந்த விரல்களுக்கிடையே கத்தியை அதன் கூர் வானத்தைப் பார்க்கும்படி வைத்து, கீழ்நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். “அவசரப்படாதையும் தம்பி, கத்தி உம்முடைய விரலுக்குப் பின்னாலைதான் வரவேணும்” என்றார். அந்த ஒரு வசனத்தில் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது: விரல் தள்ளிப் பிடிக்கும் இரைப்பையைக் கத்தி தொடாது. ஆசனவாயைச் சுற்றி வெட்டி மலக்குடலைக் கட்டி, சிறுநீர்ப்பையைக் கசியவிடாமல் பிடித்து, உதரவிதானத்தை விலா ஓரமாக அறுத்துவிட்டால், உடலைச் சரிவுப் பக்கம் சாய்த்ததும் எல்லாம் ஒன்றாக வழுக்கி வெளியே வந்துவிடும்.

ஆடு அறுத்துப் பழகியவர்கள் ஈரலைக் கண்டதும் பித்தப்பையைத் தேடுவார்கள். எல்க்கிற்கு அது இல்லை. மான் இனங்கள் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. ஆகவே பித்து உடைந்து ஈரல் கசக்கும் பயம் இங்கே கிடையாது. ஆனாலும் ஈரலையும் நுரையீரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்: கட்டி, சீழ், வழமைக்கு மாறான நிறம் எதுவும் தெரிந்தால் அந்த விலங்கை உணவாக்கும் எண்ணத்தை நிறுத்தி, அறிந்தவரிடம் காட்ட வேண்டும். வயதான எல்க்கின் சிறுநீரகத்தில் கட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்வதால் அதை நாங்கள் எடுப்பதில்லை. 2016இல் நோர்வேயின் காட்டுத் துருவமானொன்றில், ஐரோப்பாவிலேயே முதன்முறையாக, மான்களைக் கொல்லும் மூளைநோய் கண்டறியப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றியதாக அறியப்படவில்லை என்றாலும், கையுறை இல்லாமல் எவரும் மூளையையோ முள்ளந்தண்டையோ தொடுவதில்லை.

குண்டு இரைப்பையில் பட்டிருந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவத்தான் எவருக்கும் கை போகும். அது அழுக்கை நல்ல சதைக்கும் பரப்பிவிடும். அழுக்குப் பட்ட பகுதியை வெட்டி எறிவதே சரி. ஈயக் குண்டின் நுண்துகள்கள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் சிதறுவதால், அங்கும் தாராளமாக வெட்டித் தள்ள வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பவர்களை நான் ஏற்கமாட்டேன்.

களஞ்சியத்தில் தோல் உரிக்கும்போது தோலுக்கு ஒரு கத்தி, இறைச்சிக்கு வேறொரு கத்தி. இறந்த உடலில் விறைப்பு ஏறுவதற்கு முன்பே சதை 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் சுருங்கிக் கடினமாகிவிடும் என்பதால் முதல் இரவில் அவசரக் குளிர் கூடாது. பின்னர் உட்சதைவரை 7 பாகைக்குக் கீழே கொண்டுவந்து, காற்றோட்டத்தில் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டு போய், தொகை 40ஐ எட்டியதும் இறக்குவது இங்குள்ள வழக்கம்: 4 பாகையில் 10 நாள், 5 பாகையில் 8 நாள். எங்கள் களஞ்சியத்தில் கதவுப் பலகையில் பென்சிலால் அந்தக் கணக்கை எழுதுகிறோம். மேற்பரப்பு கருஞ்சிவப்பாகக் காய்ந்து, தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் கணக்கு எட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

வேட்டையில் சேர விரும்பும் புதியவர்கள் துப்பாக்கி வாங்குவதற்கு முன்னர், தோல் உரிக்கும் நாளில் உதவிக்கு வரலாமா என்று அயலில் உள்ள குழுவிடம் கேட்டுப் பாருங்கள். தீட்டிய கத்திகள் இரண்டு, கையுறை, கட்டுவதற்கு நூல், சுத்தமான துணி ஆகியவற்றோடு போனால் போதும்.