கடியப்பட்டணத்துக் கருமணலும் ஒரு மடக்கு மேசையும்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலைக் கையில் அள்ளினால் கருப்பும் சிவப்புமாக மினுங்கும். கருப்பு, இல்மனைட் என்கிற தாது. சிவப்பு, கார்னெட். உப்புத்தாளில் ஒட்டுகிற அதே கார்னெட்தான். பார்க்க அழகு, கடலுக்கடியில் சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ஸ்கூபா ரெகுலேட்டருக்கு எமன். ஓ ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் ஒரு துகள் ஒட்டினால் போதும், சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும்.

அதனால்தான் பிப்ரவரியில் ஸ்கூபா மூழ்கக் கடியப்பட்டணத்துக்குப் போனபோது, கருவிகளை மணலில் படாமல் வைக்க நண்பன் தூக்கி வந்த மடக்கு மேசையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு வந்தது. "என்ன அண்ணே, மீன் ஏலமா?" என்றார் பாறையில் சிப்பி எடுக்க மூழ்கும் தம்பி ஒருவர். அவருக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப்பை, அவ்வளவுதான். எங்களுக்கோ ஒரு குடித்தனமே தேவைப்பட்டது.

காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் மட்டுமே 16 கிலோவுக்கு மேல். அதைத் தரையிலிருந்து முதுகுக்கு ஏற்றுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேசை இருந்தால், சிலிண்டரை முதுகில் தாங்கும் ஜாக்கெட்டை சிலிண்டரோடு மேலே நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, முதுகைக் காட்டி நின்று கைகளை நுழைத்து, வாரை இறுக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பிடிக்க ஆளில்லாமல் சிலிண்டரை நிறுத்தி வைக்கக் கூடாது. விழுந்தால் காலும் போகும், வால்வும் போகும். படுக்க வைத்தால் உருளும். அதற்காக நண்பன் மேசை விளிம்பைச் சுற்றிக் கயிற்றுக் கரை கட்டியிருந்தான்.

சுற்றுலாவுக்கென்று விற்கும் மேசைகள் இட்லித் தட்டைத் தாங்கும், இதைத் தாங்காது. குழாய்க் கால்கள் மணலில் புதைந்து ஒரு பக்கம் சாயும். கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு போட்டதும் நின்றது. மேற்பரப்பு இடைவெளி விட்ட சட்டங்களாக இருப்பது நல்லது, தண்ணீரும் மணலும் கீழே கொட்டிவிடும். தாழ்வான மடக்குத் திண்ணை மாதிரியும் சிலர் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து காலில் நீச்சல் துடுப்பு மாட்ட வசதி, ஆனால் நடக்கும்போது காலில் தெறிக்கிற மணல் நேராக அதில்தான் ஏறும். இந்தக் கரைக்கு இடுப்பு உயரம்தான் சரி.

எங்கே போடுவது என்பதைச் சிப்பித் தம்பிதான் காட்டினார். ஈர மணல் முடிகிற இடத்திலிருந்து இன்னும் நன்றாக மேலே. கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும் பேரலை, எழும்பினால் மேசை, சிலிண்டர் எல்லாம் போய்விடுமாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: இரும்புக் கால் வேண்டாம், உப்புக் காற்றில் மடக்கும் மூட்டு துருப்பிடித்து இறுகிவிடும். அலுமினியக் கால், எவர்சில்வர் போல்ட். நண்பனுடையது நாகர்கோவில் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது.