பாரேக்மோரில் ஒளிந்திருந்த எழுத்து

எனக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமம். மலங்கரை கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் தமிழ், கோவிலில் பாதி தமிழ், பாதி மலையாளம். இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் அர்த்தம் தெரியாத சில சொற்கள் வரும். திரித்துவப் புகழ்ச்சிக்கு முன்னால் 'பாரேக்மோர்' என்போம். சிலுவையைச் 'சிலீபா' என்போம். மாலை ஜெபம் முடியும் நேரத்தில் 'போவூசோ' பாடுவோம். "இதெல்லாம் என்ன பாஷை?" என்று அம்மச்சியிடம் கேட்டால், "அது ஆண்டவருக்க பாஷை மக்களே" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அது சுரியானி. முப்பது வருடம் கழித்து அந்த மொழியைப் படிக்கப் போனேன். அதற்குள் தமிழில் எம்.ஏ. முடித்து எட்டு வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியிருந்தேன். சுரியானி படிக்க எங்கே போவது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சிரியாவுக்கோ துருக்கிக்கோ போக வேண்டாம். குழித்துறையில் ரயில் ஏறினால் ஐந்து மணி நேரம் போல, கோட்டயம். அங்கே பேக்கர் ஹில்லில் புனித எப்ரேம் பெயரில் 1985இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. சுருக்கமாக 'சீரி' என்பார்கள். மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் சுரியானியில் எம்.ஏ. படிக்கலாம். வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். எனக்கு மலையாளம் பேச வரும், சரளமாக வாசிக்க வராது. அது முதல் இரண்டு மாதம் ரொம்பவே படுத்தியது.

அம்மச்சி சொன்னது முக்கால்வாசி சரி. இயேசு பேசியது பாலஸ்தீனத்து அரமேயம். சுரியானி அதே அரமேயத்தின் இன்னொரு கிளை. எதேசா நகரத்தில், அதாவது இன்றைய துருக்கியின் உர்ஃபாவில், பிறந்து இலக்கிய மொழியாக வளர்ந்தது. அக்காள் தங்கை உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 22 எழுத்து, வலமிருந்து இடம். நோட்டைப் பின்பக்கமிருந்து திறந்து எழுதக் கை பழக இரண்டு வாரம் ஆனது. எழுத்துவடிவம் மூன்று: பழைய எஸ்திராங்கேலா, மேற்குச் சுரியானி மரபின் செர்தோ, கிழக்குச் சுரியானி மரபின் மத்னஹாயா. எங்கள் கோவில் மேற்கு மரபு என்பதால் செர்தோவில் தொடங்கினேன். தாலாத் என்ற எழுத்துக்கும் ரீஷ் என்ற எழுத்துக்கும் உருவம் ஒன்றே. புள்ளி கீழே இருந்தால் 'த', மேலே இருந்தால் 'ர'. 'ஹத்' என்றால் ஒன்று, 'ஹோர்' என்றால் பார்த்தான். உயிர்க்குறி போடாத சுவடியில் இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒரு புள்ளிதான். ஒருநாள் 'பார்த்தான்' வரவேண்டிய இடத்தில் 'ஒன்று' என்று வைத்துக்கொண்டு, ஒரு முழு வாக்கியத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். புள்ளியை வைத்து மெய்யா உயிர்மெய்யா என்று பார்க்கும் மொழியிலிருந்து வந்தவள் நான். அதன்பிறகு புள்ளியைப் பார்க்காமல் எழுத்தைப் பார்ப்பதில்லை.

தமிழ் எனக்குக் கைகொடுத்த இடம் ஒன்று உண்டு. அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தமிழ்க்காரர்கள் யாராவது படிக்கப் போனால் உதவும்.

சுரியானியில் ஆறு எழுத்துகளுக்கு இரண்டிரண்டு ஒலி: ப, க, த என்ற ஒலிகளும் அவற்றின் இணைகளும். சொல்லின் முதலில் வந்தால் வன்மை. உயிருக்குப் பின் தனித்து வந்தால் மென்மை. இரட்டித்தால் மறுபடியும் வன்மை. அரசனுக்கு 'மல்கோ'. அங்கே 'க' மெய்க்குப் பின் வருவதால் கெட்டியாக ஒலிக்கும். அரசாண்டான் என்றால் 'அம்லேக்'. இங்கே அதே எழுத்து உயிருக்குப் பின் வருவதால் இளகிவிடும், ஏறக்குறைய 'ஹ' போல. வகுப்பில் எல்லோரும் இந்த அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நான் 'கல், அகம், பக்கம்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் வன்மை, இடையில் மென்மை, இரட்டித்தால் வன்மை. பிறந்ததிலிருந்து என் நாக்கு செய்துவரும் வேலை இது. 'அதை' என்று சொல்லும்போது வருகிற அந்த மெல்லிய தகரம்தான் அவர்களுடைய மென்மையான தாலாத். மெல்லினத்துக்குப் பின் தமிழ் போகிற வழி வேறு, அங்கே மட்டும் கவனம் வேண்டும். மற்றபடி பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எங்கள் பக்கத்து மரபில் மென்மையான 'தாவ்' என்ற தகர எழுத்து சில இடங்களில் 'ச' ஆகிவிடுகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மன்றாட்டு என்று பொருள்படும் 'போவூதோ'தான் எங்கள் வாயில் 'போவூசோ' ஆகியிருக்கிறது.

மூன்றாம் மாதம் உடைமை விகுதிகள். பெயரோடு 'யூத்' என்ற எழுத்தைச் சேர்த்தால் 'என்'. ஆனால் சில சொற்களில் அந்த எழுத்தை எழுத மட்டும்தான் வேண்டும், உச்சரிக்கக் கூடாது. ஆசிரியர் கரும்பலகையில் 'பாரேக் மோர்' என்று எழுதினார், கடைசியில் ஒரு யூத் போட்டார். பாரேக் என்றால் ஆசீர்வதியும். மோர் என்றால் ஆண்டவர். ஒலிக்காத அந்தச் சின்ன எழுத்து, 'என்'. என் ஆண்டவரே, ஆசீர்வதியும். ஆயர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற 'மார்' என்பதும் இதே சொல்தான், அதிலும் அந்த 'என்' பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மச்சிக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என் என்றா இருக்கு? நான் இத்தன நாளும் சபைக்க ஜெபம்னுல்லா நெனச்சேன்" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு விஷயம் இருந்தது. பின்னால் 'மோரன்' என்ற சொல் வந்தபோது அதை நினைத்துக்கொண்டேன். அதில் இருப்பது 'என்' அல்ல, பன்மை விகுதி. அது 'நம் ஆண்டவரா', 'எங்கள் ஆண்டவரா'? சுரியானியில் அந்த வேறுபாடு கிடையாது, தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். கேட்பவர் கடவுள் என்றால் 'எங்கள்', பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதென்றால் 'நம்'. நான் என் நோட்டில் 'எங்கள்' என்றே எழுதி வந்தேன்.

வினைச்சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மெய் கொண்ட வேர், அதிலிருந்து கிளைகள். பழைய இலக்கண நூல்கள் மாதிரி வினையாகக் 'கொல்' என்பதையே வைத்திருப்பதால், கொன்றான், கொன்றாள், கொன்றார்கள் என்று ஆறு வாரம் ஓதினோம். தினமும் ஒரு மணி நேரம் சத்தமாகச் சொல்லுங்கள், வேறு வழி இல்லை. அகராதிக்கு ஜெஸ்ஸி பெய்ன் ஸ்மித் 1903இல் கொண்டுவந்ததே போதும். அப்பா லத்தீனில் தொகுத்த பெரிய அகராதியை மகள் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தது. வேரைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆரம்ப மாணவர்களும் அகரவரிசையில் தேடலாம்.

இரண்டாம் வருடம் இலக்கியம். மார் எப்ரேம் நிசிபிஸில் பிறந்தவர். 363இல் அந்த ஊர் பாரசீகர் கைக்குப் போனபோது ஊரை விட்டு வெளியேறி எதேசாவுக்கு வந்தார், 373இல் இறந்தார். வாழ்வின் கடைசிப் பத்து வருடத்தை அகதியாகக் கழித்த ஒரு கவிஞர் இவ்வளவு எழுதினார் என்பது எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது. பெண்களின் பாடற்குழுக்களுக்குத் தாமே பாட்டுக் கற்றுக்கொடுத்தார் என்று பின்னால் வந்த இன்னொரு கவிஞர், சேரூகின் யாக்கோபு, அவரைப் புகழ்ந்து பாடியிருக்கிறார்.

எப்ரேமின் முத்துப் பாடல்கள் ஐந்து. ஒருநாள் ஒரு முத்தைக் கையில் எடுத்தேன், அதற்குள் விண்ணரசின் மறைபொருள்களைக் கண்டேன் என்று தொடங்குகிறார். முத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம், முழுக்க ஒளி. மின்னல் சிப்பிக்குள் இறங்கி முத்து கருவாகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. நம் பக்கம் சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும் என்பார்களே, அதை நினைத்துக்கொண்டே வாசித்தேன். எப்ரேமைத் தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது இன்னொரு சிக்கல். ஆவிக்குச் சுரியானியில் 'ரூஹோ', பெண்பால் சொல். பழைய நூல்களில் தூய ஆவிக்கு வினையும் பெண்பாலிலேயே வரும். பிற்காலத்தில்தான் ஆண்பாலாக்கினார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் அவனா அவளா என்று முடிவு செய்தாக வேண்டும். தமிழில் 'இறங்கினார்' என்று 'ஆர்' போட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, மூலத்தில் இருக்கும் பெண்மை மறைந்துபோகிறதே என்று வருத்தமாகவும் இருந்தது. இரண்டு இடத்தில் 'தாயாக' என்று சேர்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மனம் வரவில்லை.

யாப்புக்கு வருகிறேன். சுரியானிக் கவிதையில் நெடில் குறில் கணக்கு இல்லை, எதுகை கட்டாயமில்லை. அசையை எண்ணவேண்டும், அவ்வளவுதான். எப்ரேமின் பெயரில் வழங்கும் அளவு ஏழு அசை, மார் பாலாய் என்ற கவிஞரின் அளவு ஐந்து, யாக்கோபின் அளவு பன்னிரண்டு, நான்கு நான்காக மூன்று. யாக்கோபின் ஒரு வரியை எடுத்து விரல் மடக்கி எண்ணினேன், பதின்மூன்று வந்தது. மறுபடி எண்ணினாலும் பதின்மூன்று. ஆசிரியர் பார்த்துவிட்டு, சொல்லின் தொடக்கத்தில் உயிரில்லாமல் நிற்கும் மெய்யை நான் தனி அசையாக எண்ணியிருக்கிறேன் என்றார். 'க்தோபோ', புத்தகம், மூன்று அல்ல, இரண்டு. எனக்குச் சட்டென்று, எழுத்தெண்ணிப் பாடும் நம் கட்டளைக் கலித்துறை ஞாபகம் வந்தது. நேரில் தொடங்கினால் வரிக்குப் பதினாறு எழுத்து, நிரையில் தொடங்கினால் பதினேழு, ஒற்றெழுத்தை நீக்கி எண்ணவேண்டும் என்று எட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒற்றை நீக்கி எண்ணினேன், பன்னிரண்டு.

அந்த வரியைப் பிறகு மெதுவாகப் பாடிப் பார்த்தேன். சிறுவயதிலிருந்து கோவிலில் பாடிய மார் யாக்கோபின் போவூசோ மெட்டில் அப்படியே உட்கார்ந்தது. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 521இல், இறந்துபோன ஒருவரின் அளவை ஏழெட்டு வயதிலேயே எங்களுக்குள் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சொற்கள் மலையாளமாகி, தமிழாகி, பொருளும் கொஞ்சம் மாறியிருக்கலாம். பன்னிரண்டு மட்டும் மாறவில்லை.

கர்ஷோன் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்துச் சுரியானிக்காரர்கள் மலையாளத்தைச் சுரியானி எழுத்தில் எழுதி வைத்தார்கள். 22 எழுத்து போதவில்லை. அதனால் மலையாளத்திலிருந்து சில எழுத்துகளை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். 2017இல் யூனிகோடில் இந்தப் பதினோரு எழுத்துகளுக்கும் தனி இடம் கொடுத்தார்கள். பட்டியலைப் பார்த்தால் ங, ஞ, ட, ண, ள, ழ எல்லாம் அதில் இருக்கின்றன. எதேசாவின் எழுத்து வரிசையில் வலமிருந்து இடமாக ஒரு ழகரம் வருகிறது. அதை முதன்முதலில் என் கையால் எழுதிய தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

1599இல் உதயம்பேரூரில் நடந்த திருச்சபைச் சங்கம், போர்த்துக்கீசியப் பேராயர் மெனேசிஸ் தலைமையில், சுரியானி நூல்களை ஒப்படைக்கவும் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. எரிந்தவற்றில் என்னென்ன இருந்தன என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது. மிஞ்சியவையும் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. 1301இல் கொடுங்ஙல்லூரில் ஒரு சுவடியை எழுதியவன் பதினான்கு வயதுத் திருத்தொண்டன், அது இப்போது வத்திக்கானில். 1806இல் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் பெற்றுச் சென்ற பழைய வேதாகமம் கேம்பிரிட்ஜில். நல்லவேளையாக இன்று நிறையச் சுவடிகள் படமெடுக்கப்பட்டிருக்கின்றன. மினசோட்டாவின் ஹில் சுவடி நூலகத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். சுவடிகளின் கடைசிப் பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். துறைமுகம் சேர்ந்த மாலுமி மகிழ்வதுபோல் கடைசி வரியை எட்டிய எழுத்தனும் மகிழ்கிறான் என்று எழுதி, எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டிருப்பார்கள்.

இறுதித் தேர்வு முடிந்த மறுநாள் கோட்டயம் வலிய பள்ளிக்குப் போனேன். 1550இல் கட்டிய கோவில். அங்கே கல்லில் செதுக்கிய பழைய சிலுவைகள் இரண்டு இருக்கின்றன. பெரியதில் எஸ்திராங்கேலா எழுத்தில் ஒரு வரி. உயிர்க்குறி எதுவும் கிடையாது. எழுத்து எழுத்தாகப் பிடித்தேன்: எலோ, பஸ்கீஃபே, த்மோரன், யேஷூ, ம்ஷீஹோ. கலாத்தியர் ஆறாம் அதிகாரம், பதினான்காம் வசனம். சிலுவைக்கு இங்கே 'சிலீபா' இல்லை, 'ஸ்கீஃபோ', நிமிர்த்தி நட்டது. சுரியானி வழக்கப்படி 'அவருடைய சிலுவையில்' என்று முதலில் சொல்லிவிட்டு, யாருடையது என்று அடுத்த சொல்லில் சொல்கிறது.

கோவில் ஊழியரான கப்பியார் சாவிக்கொத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். வாசித்தேன். அர்த்தம் என்ன என்றார். மலையாளத்தில் சொன்னேன். கிறிஸ்துவின் சிலுவையில் அன்றி வேறெதிலும் எனக்குப் பெருமை வேண்டாம் என்று. கிறிஸ்துவுக்கு முன்னால் இருக்கும் 'மோரன்' விட்டுப்போனது நினைவுக்கு வர, திரும்பச் சொன்னேன். இரண்டு வருடமாக நோட்டில் 'எங்கள்' என்றே எழுதி வந்த எனக்கு, அவரிடம் சொன்னபோது வாயில் வந்தது 'நம்முடெ' என்றுதான்.