திருமூலர் சந்நிதியில் அப்பா

அப்பாவுக்கு மறதி நோய் என்று தெரிந்ததுமே அம்மா வேண்டிக்கொண்டாள், திருமூலர் குருபூஜைக்குத் திருவாவடுதுறை கூட்டி வருகிறேன் என்று. நோய் தீரவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "என்னை மட்டும் மறக்காம இருக்கட்டும்" என்றுதான் கேட்டாள். அது நடக்கவில்லை. இப்போதெல்லாம் அப்பா அவளை "வாங்கம்மா, உக்காருங்க" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியாகத்தான் வரவேற்கிறார். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விடக்கூடாது என்று ஐப்பசி அசுவினியன்று கிளம்பிவிட்டோம்.

நல்ல மழை. கோமுத்தீஸ்வரரையும் ஒப்பிலாமுலையம்மையையும் சேவித்துவிட்டு மூலர் சந்நிதிக்கு வந்தால் நிற்க இடமில்லை. அப்பாவின் தள்ளாட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "நேரா உள்ளே விடறேன், பார்த்துக் குடுங்க" என்று பின்னாலேயே வந்தார். சாமிக்கு முன்னாலுமா இதெல்லாம்! வரிசையிலேயே நின்றோம்.

நிற்கும்போது மூலன் கதைதான் மனத்தில் ஓடியது. சாத்தனூர் இடையன் செத்துக் கிடக்கிறான். பசுக்கள் அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து கதறுகின்றன. அது பொறுக்காமல் கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் அந்த உடம்புக்குள் புகுந்து திருமூலராக எழுந்தார். பசுக்களுக்கு அது போதும், துள்ளிக்கொண்டு வீடு திரும்பின. மூலன் மனைவி தொட வந்தபோதுதான், உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகினார். அதே முகம், அதே கை, ஆனால் வந்திருப்பது அவள் புருஷன் இல்லை. அவளை நினைத்தால் எனக்கு எப்போதும் பாவமாக இருக்கும்.

அம்மாவுக்கும் அதே கதியோ என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். ஆனால் நம் சைவ சித்தாந்தம் சொல்வது வேறு. தனு என்கிற உடம்பு, கரணம் என்கிற கருவிகள், புவனம் என்கிற உலகம், போகம் என்கிற அனுபவம் நான்கும் உயிருக்கு இறைவன் தந்தவை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் எல்லாம் கரணக் கணக்கில்தான் வருகின்றன. அப்படியானால் அப்பாவிடம் பழுதானது கரணம். உயிர் அங்கேயேதான் இருக்கிறது. படித்தபோது இது வெறும் பாடமாகத்தான் இருந்தது.

தீபாராதனை முடிந்து திருநீறு கொடுத்தார்கள். கரண்டியை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாத அப்பா, அண்ணாந்து, "சிவாயநம" என்று மூன்று விரலால் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். மிச்சத்தைத் தூணில் தட்டவில்லை. திரும்பி அம்மா நெற்றியில் இட்டு, கண்ணில் விழாமல் புருவத்துக்கு மேலே கையை அணைகட்டி ஊதிவிட்டார். அந்தக் காலத்தில் தினமும் காலையில் அப்படித்தான் செய்வார். அம்மா அசையவே இல்லை. பின்னாலிருந்து "நகருங்க, நகருங்க" என்று இடித்தார்கள். இடிக்கட்டும்!

மூலநாதா, உனக்குக் கோடி நமஸ்காரம். மாசிலாமணியே, வேறு என்ன சொல்ல!

பிராகாரத்துக்கு வந்ததும் அப்பா, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று அவளையே விசாரித்தார். அவள் சிரித்துக்கொண்டே, "உங்களோடதான் சாப்பிடணும்" என்றாள். அடுத்த குருபூஜைக்கும் வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை என்ன கேட்டாள் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.