ஆறு மணிக் குரல்

மாசி பிறந்தால் எங்களுக்குத் தீத்தடுப்புக் கோடு போடுகிற வேலை. அழகர்மலைச் சரிவில் காய்ந்த புல்லை அரிந்து, சருகைக் கூட்டி ஒதுக்கி, தீ தாண்டாதபடி மண் தெரிகிற பாதை எடுக்கவேண்டும். அந்தச் சமயம் காடே இலை கொட்டிச் சாம்பல் பூத்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பாறை இடுக்கில் ஒரு கோங்கு, ஒற்றை இலைகூட இல்லாமல் உள்ளங்கை அகல மஞ்சள் பூக்களோடு நின்றதைப் பார்த்து அசந்துபோனேன். எங்கள் பக்கம் வசந்தம் மொட்டை மரத்தில்தான் தொடங்குகிறது.

அன்றைக்குத்தான் கூட வந்த மூத்த வனக்காவலர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, செத்த நில்லு. அது தின்னுட்டுப் போகட்டும்.”

பத்தடி தள்ளி ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, குட்டை வாலுக்கு அடியில் குங்குமம் அப்பிய மாதிரி சிவப்பு. அலகால் ஒரு சருகைப் புரட்டித் தள்ளியது. அடுத்தது. அதற்கடுத்தது. நாலாவதன் அடியில் ஒரு புழு. தத்தி நகரும்போதெல்லாம் வால் மெல்ல ஏறி இறங்கியது. நாங்கள் கூட்டித் தள்ளுகிற சருகுதான் அதற்குச் சோற்றுப்பானை என்பது அப்போதுதான் உறைத்தது. கோடு போடாமலும் முடியாது, தீ பிடித்தால் எதுவுமே மிஞ்சாது. சரி, அன்றிலிருந்து கோட்டுக்கு வெளியே ஒரு கூடைச் சருகைக்கூட நான் தொடுவதில்லை.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, பனிக்காலத்துக்கு இங்கே வருகிற பறவை அது. ஒரு ஐப்பசியில், வந்த களைப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. காக்கைக்குப் பயந்து அட்டைப்பெட்டியால் மூடிவைத்தோம். சாயங்காலம் திறந்ததும் நேராகப் புதருக்குள் ஓடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் அது கொடுக்கிற இரண்டு சுர விசில். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பங்குனியில் வேம்பு பூக்கும், குயில் ஓயாமல் கூவும். ஆறுமணிக்குருவிக்கு ஊர் திரும்புகிற நேரம் அது. வடக்கே வசந்தத்துக்குப் பறவை வந்து சேரும், எங்களுக்கு விடைபெற்றுப் போகும்.

போன சித்திரையில் அழகர் வைகையில் இறங்கிவிட்டுத் திரும்பவும் மலைக்கு வந்து சேர்ந்த மறுநாள், விடியலில் காது கொடுத்து நின்றேன். குயில் மட்டும்தான். பெரியவரிடம் சொன்னேன்.

“ஐப்பசில வந்துரும்ப்பா. அதுவரைக்கும் அந்த மூலைச் சருகைக் கலைக்காம விடு.”