கக்மியர் முதல் பர்லிங் கேப் வரை: கடலோரக் காவலர் குடியிருப்புகள்

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணப்பாறைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களில் முன்பக்கத்துச் சரிவில் சில வெள்ளை வீடுகளும் நிற்கும். எல்லோருடைய கண்ணும் பாறைக்குத்தான் போகும். நான் போனது அந்த வீடுகளுக்காக.

லண்டனிலிருந்து வருபவர்கள் லூயிஸில் வண்டி மாறி சீஃபோர்டில் இறங்கலாம். கடைத்தெருவைத் தாண்டி சீஃபோர்டு ஹெட் மேட்டில் ஏறினால் காற்று ஆளைத் தள்ளும். மேட்டின் மறுபக்கம் இறங்கும்போது, கக்மியர் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு மேலே அந்த வீடுகள் தெரிகின்றன. ஒட்டி ஒட்டிக் கட்டிய வெள்ளைச் சுவர்கள், அவற்றுக்கு மேல் உயரமான புகைபோக்கிகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கள்ளக்கடத்தலைத் தடுக்க நிறுத்தப்பட்ட காவலர்களுக்காகக் கட்டியவை.

தேயிலை, பிராந்தி, புகையிலை எல்லாவற்றுக்கும் அப்போது கடுமையான வரி. பிரான்ஸ் கடலுக்கு அந்தப் பக்கம்தான். இந்த ஆற்று முகம் போல ஊர் இல்லாத ஒதுக்குப்புறம் படகில் சரக்கு இறக்க வசதியான இடம். தனித்தனியாக இயங்கிவந்த காவல் பிரிவுகளை ஒன்றாக்கி, 1822-இல் கடலோரக் காவல் படையை அமைத்தார்கள். காவலர்களை அவரவர் சொந்த ஊரில் போட மாட்டார்கள், தெரிந்தவன் படகென்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்களே! வெளியூரிலிருந்து வந்து நிற்கும் காவலருக்கு உள்ளூரில் யார் வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள்? கடத்தலில் பாதி ஊருக்குப் பங்கு இருந்தது. அதனால் குடியிருப்பையும் அரசே கட்டிக் கொடுத்தது. ஊரை விட்டுத் தள்ளி, கடலைப் பார்த்தபடி, ஒரே வரிசையில்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வீடுகளின் அமைப்பு புரியும். இங்கிலாந்தின் கரை நெடுக இருக்கும் காவலர் வரிசைகளில் பொதுவாக ஒரே அளவு வாசல்களும் ஒரே அளவு சன்னல்களும்தான். அதிகாரிக்கு மட்டும் சற்றுப் பெரிய வீடு. படகுக்குத் தனிக் கொட்டகை, கண்காணிக்கத் தனி அறை. கழிப்பறையும் துணி துவைக்கும் இடமும் பின்கட்டில். கடலைப் பார்ப்பது காவலருக்கு வேலை. அது முடிந்து வீட்டுக்குள் வந்தால் அவருக்கு வேண்டியது காற்று நுழையாத, அடுப்புச் சூடு நிற்கும் அறை. அதனால்தான் சன்னல்கள் சிறியவை.

இன்றைக்கு நிலைமை நேர்மாறு. 1920-களில் படையைச் சுருக்கியபோது பல நிலையங்களை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் காசு கொடுத்தது கடல் காட்சிக்காக. ஆகவே முதல் காரியமாக சன்னலைப் பெரிதாக்குவார்கள். அப்புறம் கூரையில் துருத்தி நிற்கும் சன்னல், முன்னால் கண்ணாடிக் கூடம், இரண்டு வீட்டுக்கு நடுச்சுவரை உடைத்து ஒரே வீடு. உள்ளே குளியலறை போடுவதையோ, பின்கட்டில் சமையலறையை நீட்டுவதையோ நான் குறை சொல்ல மாட்டேன். மனிதர்கள் வாழ்ந்தால்தான் வீடு நிற்கும். ஆனால் முன்முகம் அப்படியில்லை. எல்லா வாசலும் சேர்ந்து ஒரே கட்டடமாக இருப்பதுதான் இவற்றின் அழகு. ஒருவர் மட்டும் பிளாஸ்டிக் சட்டம் போட்ட அகலச் சன்னலை வைத்தால், முன்பல் விழுந்த வாய் போல மொத்த வரிசையும் கெட்டுப்போகிறது.

கக்மியர் வீடுகள் இப்போது தனியார் உடைமை. நடைபாதை பக்கத்திலேயே போவதால் வேலிக்கு வெளியே நின்று தாராளமாகப் பார்க்கலாம். வீடுகளுக்குக் கீழே கரைத் தடுப்பு அலையில் கரைந்துகொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற வீட்டுக்காரர்களே சேர்ந்து முயன்று வருகிறார்கள். தடுப்பு போனால் வீடும் போய்விடும்.

எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் ஆற்றைக் கடக்க உள்ளே எக்ஸீட் பாலம் வரை நடக்க வேண்டும். ஆழமில்லை என்று முகத்துவாரத்தில் இறங்கிவிடாதீர்கள், இழுப்பு அதிகம். பாலத்தைத் தாண்டினால் செவன் சிஸ்டர்ஸ் மேடுகள் தொடங்குகின்றன. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். முழங்காலுக்கு நல்ல வேலை. விளிம்புப் பக்கம் போகவே கூடாது. காலுக்குக் கீழே பாறை குடைந்திருப்பது மேலிருந்து தெரியாது.

கடைசி மேட்டிலிருந்து இறங்கினால் பர்லிங் கேப். இங்கே இன்னொரு காவலர் வரிசை இருக்கிறது, 1878-இல் கட்டியது. அதற்குள் கடத்தல் காலம் ஓய்ந்து, 1856-லேயே படை கடற்படையின் கைக்குப் போயிருந்தது. இந்த வரிசை கடலுக்கு இணையாக இல்லாமல் கடலை நோக்கி நீள்கிறது. பாறை பின்வாங்கப் பின்வாங்க, முனை வீடாகப் பார்த்து ஒவ்வொன்றாக இழந்துகொண்டே வருகிறார்கள். 2013–14 குளிர்காலப் புயல்களில் ஏழு ஆண்டு அரிப்பு இரண்டே மாதத்தில் நடந்தது. 2014-இல், பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் முனையிலிருந்த வீட்டை இடித்தது. இங்கே அரிப்பைத் தடுப்பதில்லை என்பதே கொள்கை.

இப்போது முனையில் நிற்கும் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நடுவில் இருந்த சுவர் அது. கட்டியவர்கள் அதன்மேல் மழை படும் என்று நினைத்தே இருக்க மாட்டார்கள். பக்கத்து வீடு போனதும் அதுவே வெளிச்சுவராகி, உப்புக் காற்றை நேராக வாங்குகிறது. கீழே கடற்கரையில் புதிதாகச் சரிந்த சுண்ணக்கட்டி கிடந்தது. தொட்டால் விரலெல்லாம் வெள்ளை. நடுநடுவே கறுப்பாக ஃபிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கற்கள். பாறையடியில் நிற்காமல் தள்ளியே நில்லுங்கள்.

கடலைத் தடுத்தே தீர வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அரிப்பு நின்றால் அந்தப் பாறைகள் இவ்வளவு வெள்ளையாக இருக்காது, புல் மூடிவிடும். ஆனால் எஞ்சியிருக்கும் வீடுகள் விஷயத்தில் ஒன்று கட்டாயம் செய்ய வேண்டும். அடுத்த வீட்டின் முறை வரும் முன்பே அதன் அடுப்பு, மாடிப்படி, கதவு, பின்கட்டு எல்லாவற்றையும் அளந்து வரைந்து, படம் எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்க வேண்டும். முன்முகத்தின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காவலர் குடும்பம் சமைத்ததும் தூங்கியதும் உள்ளே.